வர்ஜீனியா தெரு யார் பேர்ல? சான் ஹோசே ரீட் குடும்பம் பத்தி ஒரு சந்தேகம்

#1 ஒற்றையடிப்பாதை

நாலு வருஷமா சான் ஹோசேல குடியிருக்கேன். மளிகை வாங்கப் போற வழியில, 280 நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையா தெருப் பலகைங்க வரும்: ரீட், மார்கரெட், வர்ஜீனியா, மார்த்தா, கீஸ். ஸ்டோரி ரோட்டுல மேற்கே வந்தா அதுவே ஒரு இடத்துல கீஸ் தெருவாயிடும். வர்ஜீனியா பேர்ல ட்ராம் ஸ்டேஷன்கூட இருக்கு. வர்ஜீனியான்னா மாநிலத்துப் பேர், மார்கரெட்னா யாரோ ராணின்னு நெனச்சிட்டு இருந்தேன்.

போன வாரம் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு வேலை கொண்டுவந்தா. நாலாம் வகுப்பு, இங்க அந்த வருஷம் கலிஃபோர்னியா வரலாறு. பழைய காலத்துல இங்க வந்து குடியேறின ஒரு குடும்பத்தோட வம்சப் படம் வரையணுமாம். தேடிப் பார்த்தா இந்தத் தெரு எல்லாமே ஒரே வீட்டு ஆளுங்க. ரீட் அப்பா. மார்கரெட் அம்மா. வர்ஜீனியா மூத்தவ, மார்த்தா அடுத்தவ. கீஸ் அம்மாவோட பொறந்த வீட்டுப் பேர். ரேஷன் கார்டைப் பிரிச்சுத் தெருத்தெருவா மாட்டின மாதிரி இருக்கு!

கேள்வி ரெண்டு. இவங்க 1846ல டானர் கூட்டத்தோட, அதாவது மாட்டு வண்டியில கலிஃபோர்னியாவுக்குக் குடியேறக் கிளம்பினவங்களோட, மலைப் பனியில மாட்டினவங்கன்னு போட்டிருக்கு. அந்தக் கதையில வர்ற "அந்த" விஷயத்தை, அதான் பசியில மனுச மாமிசம் தின்னதை, ஒன்பது வயசுப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? அடுத்தது, ஆளாளுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்காங்க. எதை நம்பி வரையறது?

#2 எதிர்வீட்டு ஜன்னல்

நான் அந்த ஸ்டேஷன்ல தினமும் இறங்குறவ. "வர்ஜீனியா வந்துட்டேன்"னு வீட்டுக்கு மெசேஜ் போடுவேன். இனிமே அப்படிப் போடும்போது கை கொஞ்சம் தயங்கும்.

ஏடுபுரட்டி சார் எங்க இருந்தாலும் வரவும்.

#3 ஏடுபுரட்டி

வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

ஜேம்ஸ் ஃபிரேசியர் ரீட் 1800இல் அயர்லாந்தின் ஆர்மா பகுதியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். இல்லினாய் மாநிலத்தில் ஈயச் சுரங்க வேலை பார்த்து, பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் வியாபாரம், மர அறுவை ஆலை என்று காலூன்றினார். 1832இல் பிளாக் ஹாக் என்ற பழங்குடித் தலைவருக்கு எதிரான சண்டைக்குப் போன தன்னார்வப் படையில் இவரும் ஆபிரகாம் லிங்கனும் ஒரே கம்பெனி. அப்போது லிங்கன் யாரென்று யாருக்கும் தெரியாது.

ரீட் மணந்த மார்கரெட் கீஸ் ஒரு இளம் விதவை. முதல் கணவர் பேக்கன்ஸ்டோ. அவர் மூலம் ஒரு பெண் குழந்தை, அதுதான் வர்ஜீனியா. ஆகவே உங்கள் மகளின் படத்தில் முதல் கிளையிலேயே முடிச்சு இருக்கிறது. பிறப்பால் பேக்கன்ஸ்டோ, வளர்ப்பால் ரீட். அவளே தன்னை ரீட் என்றுதான் எழுதிக்கொண்டாள், நீங்களும் அப்படியே போடுங்கள். மார்த்தாவை வீட்டில் பேட்டி என்று கூப்பிட்டார்கள். (தமிழில் எழுதினால் பத்திரிகைக்காரர் எடுப்பது போல இருக்கிறது. உச்சரிப்பைக் கொஞ்சம் மாற்றினாலோ கிழவியாகிவிடுகிறாள். எட்டு வயதுச் சிறுமி, பாவம்.) அவளுக்குக் கீழே ஜேம்ஸ், தாமஸ் என்று இரண்டு பையன்கள்.

1846 ஏப்ரல் நடுவில் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பினார்கள். ஜார்ஜ் டானர், ஜேக்கப் டானர் சகோதரர்களின் குடும்பங்களும் சேர்ந்து ஒன்பது வண்டி. அதில் மூன்று ரீட்டுடையவை. வண்டி ஓட்ட, சமைக்க ஐந்து வேலையாட்கள். போதாததற்கு மார்கரெட்டின் தாயார் சாரா கீஸ், எழுபது வயது, படுத்த படுக்கை. மேற்கே போய்விட்ட மகனை வழியில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாகக் கூடவே வந்தவர். கன்சாஸில் பிக் புளூ ஆறு பெருக்கெடுத்து ஓட, அக்கரை சேர முடியாமல் ஆல்கோவ் ஸ்பிரிங் என்ற ஊற்றருகே தங்கினார்கள். மே 29 அன்று கிழவி அங்கேயே போய்விட்டார். ஜான் டென்டன் என்ற துப்பாக்கிக் கொல்லர் ஒரு கல்லில் பெயர் வெட்டித் தலைமாட்டில் நட்டார். அந்த டென்டனும் அடுத்த பிப்ரவரியில் பனியில் நடக்க முடியாமல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கல் வெட்ட ஆள் இல்லை.

#4 பனங்கற்கண்டு

சார், இந்த ரீட் ரெண்டு மாடி வண்டி கட்டினதாப் படிச்சேனே? உள்ள அடுப்பு, புகைக்குழாய், வில்லு வெச்ச சீட்டு, மேல பரண் மாதிரி படுக்கை, பக்கவாட்டுல படிக்கட்டு! அரண்மனை வண்டின்னு பேர். அந்த கனத்தாலதான் கூட்டமே லேட் ஆச்சுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க.

#5 ஏடுபுரட்டி

அந்த வர்ணனை எல்லாம் வர்ஜீனியாவின் பேனாவிலிருந்து வந்தது. அவர் அதை எழுதியது 1891இல், கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருஷம் கழித்து. பன்னிரண்டு வயதில் ஏறிய வண்டியை ஐம்பத்தெட்டு வயதில் நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். நாம் படித்த தொடக்கப்பள்ளியின் மைதானத்தை இப்போது போய்ப் பாருங்கள்.

பாட்டி படுத்துக்கொண்டு வர வசதியாக ஒரு வண்டியை விசாலமாகக் கட்டினார்கள் என்பது வரைக்கும் சரி. பக்கவாட்டுப் படியும் இருந்திருக்கலாம். இரண்டு மாடி, ராட்சத வண்டி என்பதெல்லாம் பிற்பாடு எழுதியவர்கள் ஊதியது.

#6 வண்டிச்சத்தம்

எங்க தாத்தா வீட்ல பார வண்டி இருந்துச்சு, அந்த அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். வண்டி கனம்னா மாடு ஒரே நாள்ல விழாது. முதல்ல கழுத்துல புண் வரும், அப்புறம் தீனி செல்லாது, அப்புறம் ஒரு நாள் தண்ணி இல்லாத இடத்துல மொத்தமாப் படுத்துரும். இவங்க கதையும் அதேதான். மாட்டைக் கொன்னது ரெண்டு விஷயம். வாசாட்ச் மலையில மரத்தை வெட்டி வெட்டிப் பாதை போட்டது, அதுக்கு அப்புறம் உப்புப் பாலைவனம்.

ஹேஸ்டிங்ஸ்னு ஒரு ஆள் "என் குறுக்குவழியில வாங்க, நூத்துக்கணக்கான மைல் மிச்சம்"னு புஸ்தகமே போட்டான். அந்த வழியில அவன் அதுவரைக்கும் வண்டி ஓட்டினதே இல்லை! பாலைவனம் 40 மைல்னு சொன்னாங்க, போனா 80 மைல் பக்கம். ஓரத்துல ஹேஸ்டிங்ஸ் விட்டுட்டுப் போன சீட்டு ஒண்ணு பறவை கொத்தித் துண்டு துண்டாக் கிடந்திருக்கு. ஜார்ஜ் டானரோட சம்சாரம் டாம்சன் தரையில மண்டி போட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவெச்சுப் படிச்சாங்களாம்: ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி விடாம ஓட்டினாத்தான் அடுத்த புல்லும் தண்ணியும். ராத்திரி தாகத்துல ரீட்டோட மாடுங்க மொத்தமா இருட்டுல ஓடிப்போச்சு. மிஞ்சினது ஒரு காளை, ஒரு பசு. வண்டியையும் சாமானையும் அங்கேயே விட வேண்டியதாப்போச்சு.

ஆள் கம்பீரமா மூணு வண்டியில கிளம்பினவர். ரெண்டு மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்?

#7 ஏடுபுரட்டி

வண்டிச்சத்தம் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ரீட்டை யாரும் எச்சரிக்காமல் இல்லை. ஜூன் கடைசியில் லாரமி கோட்டையில் ஜேம்ஸ் கிளைமன் என்ற மலைக்காரரைச் சந்தித்தார்கள். 1832 சண்டையில் ரீட்டோடு இருந்தவர். அந்தக் குறுக்குவழியை எதிர்த்திசையில் குதிரையில் கடந்து அப்போதுதான் வந்திருந்தார். பழைய தடத்தை விடாதே, விட்டால் ஊர் போய்ச் சேர்வது சந்தேகம் என்று படித்துப் படித்துச் சொன்னார். கிட்ட வழி இருக்கும்போது சுற்றிப் போவானேன் என்று ரீட் கேட்டார். அனுபவப்பட்டவன் வாய்ச்சொல் ஒரு பக்கம், அச்சடித்த புத்தகம் ஒரு பக்கம். ரீட் அச்சை நம்பினார்.

பின்னால் பிரிட்ஜர் கோட்டையில் தனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கடைக்காரர்கள் வேண்டுமென்றே மறைத்துவிட்டதாக அவர் குறைப்பட்டுக்கொண்டார். மறைத்திருக்கவும் கூடும், அவர்கள் வியாபாரமே அந்த வழியில் வருகிறவர்களை நம்பித்தான். ஆனால் கிளைமன் நேரில் சொன்னதை யாரும் மறைக்கவில்லையே.

#8 செங்காந்தள்

எல்லாரும் ரீட் மேல பரிதாபப்படறீங்க. அவர் ஒரு கொலை பண்ணினாரே, அதை யாரும் சொல்லலையே? அக்டோபர் 5, ஹம்போல்ட் ஆத்தங்கரை.

#9 வண்டிச்சத்தம்

கொலைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியுமா? மணல் மேடு, ரெண்டு வண்டி மாடும் சிக்கிக்கிச்சு. கிரேவ்ஸ் வீட்டு வண்டி ஓட்டின ஜான் ஸ்னைடர் மாட்டைக் கண்மண் தெரியாம அடிக்கிறான், ரீட் தட்டிக்கேக்கிறார், அவன் சாட்டைப் பிடியால இவர் மண்டையில போடுறான். மார்கரெட் நடுவுல வந்தாங்க, அவங்களுக்கும் அடி விழுந்துச்சு. ரீட் கத்தியை இறக்கிட்டார். கெசெபெர்க்னு ஒருத்தன் தன் வண்டியோட ஏர்க்காலைத் தூக்கி நிறுத்தி, இதுலயே தொங்க விடலாம்னான். கடைசியில கூட்டத்தை விட்டுத் துரத்தினாங்க. பெண்டாட்டி புள்ளைங்களை விட்டுட்டுத் தனியா.

#10 செங்காந்தள்

நீங்க சொன்னது பூரா ரீட் வீட்டு வாக்குமூலம் அண்ணா. ஸ்னைடர் தரப்புல பேச அங்க யார் இருந்தா? கிரேவ்ஸ் வீட்டு அப்பா, அம்மா ரெண்டு பேரும் அந்தக் குளிர்காலத்துலயே போய்ட்டாங்க. மிஞ்சின பொண்ணுங்க சொன்ன கதை வேற. செத்தவன் கதையைச் சொல்ல ஆள் இல்லேன்னா பொழைச்சவன் சொன்னதுதான் வரலாறு.

நான் ரீட்டைக் கொடுமைக்காரர்னு சொல்ல வரலை. பொண்ணு படம் வரையறப்போ "துரத்தப்பட்டார்"னு மட்டும் எழுதாம ஏன்னும் எழுதட்டும்.

#11 எதிர்வீட்டு ஜன்னல்

அப்ப அம்மாவும் நாலு குழந்தையும்? சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

#12 ஏடுபுரட்டி

துரத்தப்பட்டவர் நேராக மலை தாண்டி அக்டோபர் கடைசியில் கலிஃபோர்னியாவிலிருந்த சட்டர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். உணவேற்றிக்கொண்டு திரும்பினார், பனி விடவில்லை. அப்போது மெக்சிகோவோடு போர் நடந்துகொண்டிருந்ததால் உடன் வர ஆள் கிடைக்கவில்லை. ஆள் தேடி சான் ஹோசே பக்கம் வந்தவர் ஜனவரி 2 அன்று சாண்டா கிளாரா சண்டையிலும் நிற்க வேண்டியதாயிற்று. அந்த அலைச்சலில்தான் இந்தப் பள்ளத்தாக்கு அவர் கண்ணில் பட்டது. உங்கள் தெருக்களுக்கு விதை அங்கே.

மார்கரெட் கதைதான் எனக்குப் பெரிது. இத்தனைக்கும் ஊரில் மாதத்தில் பாதி நாள் ஒற்றைத் தலைவலியில் இருட்டறையில் படுத்திருந்தவர். கூட்டம் இப்போது டானர் ஏரி என்று சொல்லப்படும் இடத்தில் நவம்பர் தொடக்கத்தில் மாட்டிக்கொண்டபோது ரீட் வீட்டாரிடம் அறுக்க ஒரு மாடு இல்லை. கூட்டத்திலிருந்த வேறு குடும்பங்களிடம், பிரீன் வீட்டில் இரண்டு, கிரேவ்ஸ் வீட்டில் இரண்டு என்று மார்கரெட் மாடு கடனாக வாங்கினார். ஒன்றுக்கு இரண்டாகக் கலிஃபோர்னியாவில் திருப்பித் தருவதாகப் பேச்சு. மாட்டுக்குச் சொந்தக்காரரே உயிரோடு ஊர் சேருவாரா என்று தெரியாத இடத்தில் நூற்றுக்கு நூறு வட்டி! இறைச்சி தீர்ந்ததும் கூரை மேல் போட்டிருந்த தோலை வெட்டி, மயிரைப் பொசுக்கி, கொழகொழவென்று பசை மாதிரி ஆகும்வரை கொதிக்கவைத்துக் குடித்தார்கள். ஒரு கட்டத்தில் கடனுக்கு ஈடாக அந்தத் தோலையும் கிரேவ்ஸ் வீட்டம்மா எடுத்துக்கொண்டார். இதெல்லாம் பேட்ரிக் பிரீன் நவம்பர் 20 முதல் மார்ச் 1 வரை எழுதிய நாட்குறிப்பின் புண்ணியத்தில் நமக்குத் தெரிகிறது. அந்தக் குறிப்பு இன்றும் பெர்க்லியில் பேன்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று மார்கரெட் ஒளித்து வைத்திருந்ததை எடுத்தார்: கொஞ்சம் பீன்ஸ், உலர்ந்த ஆப்பிள், மாட்டுக் குடல், கையகலப் பன்றிக்கொழுப்பு. பானை கொதிக்கையில் பிள்ளைகள் சுற்றி நின்று எந்தப் பீன்ஸ் மேலே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மெதுவாகச் சாப்பிடுங்கள், இன்றைக்கு எல்லாருக்கும் இருக்கிறது என்றார். "இன்றைக்கு" என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் எப்படிக் கேட்டிருக்கும்!

#13 சுருட்டைவால்

பிணம் தின்ன கூட்டத்துக்குத் தெருப் பேரா. அடேங்கப்பா அமெரிக்கா.

#14 வேர்தேடி

தம்பி, முழுசாப் படிச்சிட்டு வாங்க. வர்ஜீனியா 1847 மே 16ஆம் தேதி ஊரிலிருந்த மாமன் மகள் மேரி கீஸ் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, எழுத்துப் பிழை மலிந்த கடிதம். மனித மாமிசம் சாப்பிடாத ஒரே குடும்பம் நாங்கள்தான் என்று அதிலேயே சொல்கிறாள். "ஒரே" என்பதை வாதிடலாம், தன் வீட்டைப் பற்றிச் சொன்னதை மறுக்க யாரும் சான்று காட்டியதில்லை. வளர்த்த நாய்க்குட்டி கேஷை அடித்துத் தலை, கால், தோல் ஒன்று விடாமல் தின்றோம் என்று மறைக்காமல் எழுதுகிறாள். முடிவில் மேரிக்கு ஒரு புத்திமதி: குறுக்குவழியில் போகாதீர்கள், சீக்கிரமாக வந்து சேருங்கள்.

ஒற்றையடிப்பாதை, உங்கள் முதல் கேள்விக்கும் இந்தக் கடிதத்தில்தான் பதில் இருக்கிறது. உங்கள் மகளைவிட நாலு வயது பெரியவள் தானே எழுதியது. அதை வாசித்துக் காட்டுங்கள். குழந்தைகள் தாங்குவார்கள், நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, முப்பது வருஷமாக வம்சாவளி தோண்டுகிறவள் என்ற உரிமையில் சில:

1850 மக்கள்தொகைக் கணக்கில் இவர்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய முதல் கூட்டரசுக் கணக்கு அதுதான், ஆனால் சாண்டா கிளாரா கவுண்டியின் ஏடுகள் காணாமல் போய்விட்டன. சான் ஃபிரான்சிஸ்கோ, கான்ட்ரா கோஸ்டாவும் அப்படியே. அதற்கு ஈடு 1852இல் மாநிலம் தனியாக எடுத்த கணக்கு. இது தெரியாமல் "1850இல் குடும்பம் சான் ஹோசேயில் இல்லை" என்று முடிவு கட்டிய ஒருவரோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

அம்மாவின் பெயரை அவர் வீட்டில் எழுதிய விதத்தில் நடுவே ஒரு எழுத்து குறைவு. தெருப் பலகையில் இருப்பது திருத்திய எழுத்துக்கூட்டல். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது மர்ஃபி. இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். டானர் கூட்டத்தில் லெவினா மர்ஃபி என்ற விதவையின் பெரிய குடும்பம் ஒன்று வந்தது. மேரிஸ்வில் ஊருக்குப் பேர் கொடுத்த மேரி அந்த வீட்டுப் பெண். வர்ஜீனியா 1850 ஜனவரியில் கட்டிக்கொண்ட ஜான் மர்ஃபி இந்த மர்ஃபி இல்லை! அவர் 1844இல் வந்த வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். தங்கம் தோண்டிய மர்ஃபிஸ் ஊர் அவர் பேரிலும் அவர் சகோதரர் பேரிலும் அமைந்தது. இரண்டு மர்ஃபியையும் ஒரே கிளையில் ஒட்டிய "வம்சாவளி" இணையத்தில் குறைந்தது நாலு பார்த்துவிட்டேன்.

இதில் ஒரு விசித்திரம். 1844 கூட்டத்து இளைஞர்கள் ஏரிக்கரையில் ஒரு மரக்குடில் கட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பதினேழு வயது மோசஸ் ஷாலன்பர்கர் நரிகளைப் பொறிவைத்துப் பிடித்துத் தின்று தனியே அதில் உயிர் பிழைத்தான். இரண்டு வருஷம் கழித்து பிரீன் குடும்பம் புகுந்தது அதே குடிலில். தங்கள் கூரை போனபின் மார்கரெட்டும் பிள்ளைகளும் ஒண்டியதும் அங்கேதான். பிரீன் வீட்டு இரவு ஜெபத்தைக் கேட்டுத்தான், பிழைத்தால் கத்தோலிக்கராகிவிடுகிறேன் என்று வர்ஜீனியா வேண்டிக்கொண்டாள். பிழைத்தாள், மதம் மாறினாள், அந்தக் குடிலைக் கட்டிய கூட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டாள். கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

#15 பனங்கற்கண்டு

வேர்தேடி அக்கா, மர்ஃபியைப் பிரிச்சுக் காட்டினதுக்கு ஒரு கும்பிடு. நீங்க பார்த்த நாலுல ஒண்ணு நான் ஒட்டி வெச்சது.

#16 சாக்ரமெண்டோக்காரி

சட்டர் கோட்டை எங்க ஊர்ல இருக்கிறதால நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். பேட்டியோட பொம்மை! மரத்துல செஞ்சது, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். பாலைவனத்துல எல்லா சாமானையும் விடச் சொன்னப்போ பேட்டி இதையும், செத்துப்போன பாட்டியோட முடிக்கற்றையையும் உடுப்புக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டா. பட்டினி கிடந்த நாள் பூரா அது அவகிட்டயே இருந்திருக்கு. நான் கண்ணாடிக்குள்ள பார்த்தப்போ கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, இவ்வளவுதானான்னு. அப்புறம் அந்தப் பக்கமே நகர முடியலை.

பிப்ரவரியில முதல் மீட்புக் குழு வந்தப்போ ரீட் வீட்ல எல்லாரும் கிளம்பினாங்க. கொஞ்ச தூரத்துலயே பேட்டியும் கடைசித் தம்பி டாமியும் நடக்க முடியாம விழுந்தாங்க. திரும்ப ஏரிக்கே கொண்டுபோய் விடணும். அம்மா எந்தப் பிள்ளைங்க பக்கம் நிப்பா? அப்ப பேட்டி சொன்னது, "சரிம்மா, இனிமே என்னைப் பார்க்க முடியலேன்னா, உன்னால முடிஞ்சதைப் பண்ணு." எட்டு வயசு!

அஞ்சாறு நாள்ல ரீட் இரண்டாவது குழுவோட எதிர்ல வர்றார். பிப்ரவரி 27. வழியிலேயே மார்கரெட்டையும் வர்ஜீனியாவையும் பெரிய பையனையும் பார்த்துட்டார், பார்த்த கையோட மத்த ரெண்டுக்காக மேல ஓடினார். பேட்டி குடில் கூரை ஓரத்துல பனியில கால் வெச்சு உட்கார்ந்திருந்தாளாம். இறங்கும்போது புயல்ல மாட்டி அவ உயிர் போற மாதிரி ஆனப்போ ரீட் தன் கையுறையோட கட்டைவிரல் மூலையில சேர்த்து வெச்சிருந்த ரொட்டித் தூள் ஒரு சிட்டிகையை வாயில ஈரப்படுத்தி ஊட்டினார். செங்காந்தள் சொன்ன கொலைகாரரும் இவர்தான், இதையும் எழுதட்டும் பொண்ணு.

#17 செங்காந்தள்

எழுதட்டும், நான் வேண்டாம்னு சொல்லலையே.

ஆனா கணக்குன்னு வந்தா முழுசாப் பாப்போம். லூயிஸ், சால்வடோர்னு ரெண்டு மிவோக் பழங்குடி இளைஞர்கள். சட்டர் அனுப்பின உணவை மலையேத்திக் கொண்டுவந்து, இவங்களோடவே மாட்டிக்கிட்டவங்க. டிசம்பர்ல நடந்தே மலை தாண்டப் போன 15 பேர்ல இருந்தாங்க. மனுச மாமிசம் வேண்டாம்னு ஒதுங்கினவங்க, தங்களையே கொல்லப் பேசறாங்கன்னு தெரிஞ்சு ஓடிட்டாங்க. சில நாள் கழிச்சு சாகற நிலையில கிடந்தவங்களை வில்லியம் ஃபாஸ்டர் சுட்டான். சண்டையில ஒருத்தனைக் குத்தின ரீட்டுக்கு ஊர்விலக்கு. பட்டினிக்காக ரெண்டு பேரைச் சுட்ட ஃபாஸ்டருக்கு ஒண்ணுமில்லை, ஒரு விசாரணைகூட. ஸ்னைடர் வெள்ளைக்காரன், அதான் வித்தியாசம்.

பிரீன் நாட்குறிப்புல பிப்ரவரி 28 பார்த்தீங்களா? பனியில தனியா போன ஒரு பழங்குடி ஆள் வெங்காயம் மாதிரி அஞ்சாறு கிழங்கு கொடுத்துட்டுப் போனார்னு ஒரு வரி. பேர் இல்லை.

#18 ஏடுபுரட்டி

ஃபாஸ்டரையும் ரீட்டையும் பக்கத்தில் வைத்து நான் இதுவரை பார்த்ததில்லை. செங்காந்தள் சொல்வது சரி. இதற்கு மேல் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

#19 வேர்தேடி

அதே நூலைப் பிடித்து இன்னொன்று. ரீட் வீட்டில் ஒருவரும் சாகவில்லை, ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பது எல்லா இடத்திலும் வருகிற வரி. கூட்டத்தில் மொத்தம் 87 பேர், பாதிக்குச் சற்று மேல்தான் உயிரோடு வந்தது என்று பார்த்தால் அது அதிசயம்தான். ஆனால் ஏடுபுரட்டி முதல் பதிவில் போகிற போக்கில் சொன்ன ஐந்து வேலையாட்கள்?

பெய்லிஸ் வில்லியம்ஸ். டிசம்பர் நடுவில், ஏரி முகாமில் முதலில் இறந்தவர் இவர்தான். ஜேம்ஸ் ஸ்மித், அவரும் அந்தக் குளிர்காலத்தில். மில்ட் எலியட், வண்டியோட்டி. ரீட்டைத் துரத்திய இரவில் வர்ஜீனியாவை இருட்டில் கூட்டிப்போய் அப்பாவுக்குச் சாப்பாடும் துப்பாக்கியும் சேர்த்தவர். மார்கரெட்டை "அம்மா" என்றே கூப்பிட்டவர். பிப்ரவரி 9 அன்று போய்ச் சேர்ந்தார். மார்கரெட்டும் வர்ஜீனியாவும்தான் உடலை இழுத்துவந்து காலிலிருந்து முகம்வரை பனியால் மூடினார்கள். பிழைத்தவர்கள் இரண்டே பேர்: பெய்லிஸின் சகோதரி, காது கேளாத எலைசா, சமையல்காரி, ரீட்டோடு முன்னால் போய்விட்ட வால்டர் ஹெரான்.

ஆகவே "ஒருவரும் சாகவில்லை" என்று எழுதும்போது குடும்பம் என்ற சொல்லுக்கு எல்லை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போனவர்கள் மட்டுமில்லை, உள்ளே வந்தவளும் உண்டு. ஜேக்கப் டானரின் பெண் மேரி, அப்பா அம்மா இருவரும் மலையில் போய், பனியில் உணர்விழந்த கால் நெருப்பில் வெந்து, ஏழு வயதில் அநாதை. ரீட் தம்பதி அவளைத் தத்தெடுத்து சான் ஹோசேயில் வளர்த்தார்கள். 1860இல், கல்யாணமான மறு வருஷமே இறந்துவிட்டாள். படத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

#20 எதிர்வீட்டு ஜன்னல்

மார்கரெட்டோட தலைவலி என்னாச்சு? எனக்கும் உண்டு, அதான்.

#21 ஏடுபுரட்டி

மலையிலிருந்து இறங்கியபின் வரவே இல்லை என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். மருந்தாக யாரும் முயல வேண்டாம். 1861இல் காலமானார். ரீட் 1874 வரை இருந்தார். சான் ஹோசேயைத் தலைநகராக்க ஓடியாடியவர்களில் ஒருவர், 1849இல் அது ஆகவும் செய்தது, கொஞ்ச காலத்துக்கு. நிலத்தை மனைகளாகப் பிரித்துத் தெரு போட்டபோதுதான் வீட்டார் பெயரையெல்லாம் வைத்தார். மூத்தவள் கணவரின் தீக்காப்பீட்டு வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தினாள், 1921இல் மறைந்தாள். பேட்டி 1923 வரை. 1918இல் ஏரிக்கரையில் நினைவுச் சின்னம் திறந்தபோது எழுபத்தொன்பது, எண்பது வயதில் போய் நின்றாள். சிலையின் பீடம் 22 அடி, அன்றைய பனியின் உயரம் என்று சொல்லிக் கட்டியது. அப்பாவின் காகிதங்களைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைத்திருந்ததும் அவள்தான். இல்லையென்றால் இந்த இழையில் பாதி எழுதியிருக்க முடியாது.

#22 ஒற்றையடிப்பாதை

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை ஓக் ஹில் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனேன், ரீட் அங்கதான் இருக்கார். பொண்ணு ஒண்ணும் பேசலை. வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். நாய் வந்த இடத்துல நிறுத்தச் சொல்லிட்டா. மனுச மாமிசத்தைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கலை, கேஷ் என்ன நிறம்னு மட்டும் கேட்டா. தெரியலைன்னேன்.

இப்ப படம் போட்டுக்கிட்டு இருக்கா. வர்ஜீனியாவுக்கு மேல ரெண்டு அப்பா, ரெண்டு கோடு. மேரி டானருக்குப் பக்கவாட்டுல ஒரு கட்டம். லூயிஸ், சால்வடோர் பேரை ஓரமா எழுதி சுத்தி வட்டம் போட்டிருக்கா, அவங்க இந்த வீடு இல்லைன்னாலும் சாப்பாடு கொண்டுவந்தாங்களாம். அஞ்சு வேலைக்காரங்களைக் கீழ புள்ளிக்கோட்டுல சேர்த்தா. அதுல மில்ட் எலியட்டுக்கு மட்டும் புள்ளிக்கோட்டை அழிச்சுட்டு மார்கரெட்லேர்ந்து நேர்கோடு இழுத்திருக்கா. ஏண்டின்னேன். அம்மான்னுதானே கூப்பிட்டான்னா.

டீச்சர் ஒத்துப்பாங்களான்னு தெரியலை. அட்டை வேற பத்தலை. கீஸ் தெருப் பக்கம் ஒரு கடை ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும், போய் இன்னொண்ணு வாங்கிட்டு வரேன்.